ஜெனீவா போய் வந்த டோக்கன்

என் பெயர் மாதேஸ்வரன். கடவுள் இல்லை என்று கால் நூற்றாண்டாக மேடையேறிச் சொல்லிவருபவனுக்கு மலைமேல் இருக்கும் ஒரு கடவுளின் பெயர். மாற்றிக்கொள்வதென்று அரசிதழ் விண்ணப்பம்கூட வாங்கினேன். பணிப்பதிவேடு முதல் ஓய்வூதியம் வரை எல்லாம் குழம்பிவிடும் என்று அலுவலக எழுத்தர் சொன்னதும் கடவுளை அப்படியே விட்டுவிட்டேன். என் கொள்கை உறுதியின் நீள அகலம் இவ்வளவுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது வாசகருக்கு நல்லது.

சொந்த ஊர் கல்லாவி. குடியிருப்பது ஓசூரில். பாகலூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். சிந்துவெளியில் தொடங்கும் என் பாடம் எப்படிச் சுற்றினாலும் குறைந்தபட்சக் கூலியில் வந்து நிற்கும். எனக்குக் கோபம் வந்துவிட்டால் வீட்டுப்பாடம் கேட்க மறந்துவிடுவேன் என்பதை மாணவர்கள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். மணி அடித்ததும் யாராவது எழுந்து, "சார், நெலச் சீர்திருத்தம் ஏன் சார் முழுசா நடக்கல?" என்று கேட்பார்கள். அடுத்த நாற்பது நிமிடம் நான் கொதிப்பேன். அவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். அதை விழிப்புணர்வு என்று நம்பி நான் பல ஆண்டுகள் மகிழ்ந்திருக்கிறேன்.

என் வகுப்பின் முழக்கம் "ஆதாரம் எங்கே?" என்பது. பேய் பார்த்தேன் என்று ஒருவன் சொன்னால் ஆதாரம் கேட்பேன். வயிற்றுவலி என்று சொன்னாலும் கேட்பேன்.

பத்தாம் வகுப்பில் சர்வதேச அமைப்புகளைப் பற்றி நடத்தும்போது, "தலைமையகம் எங்கே?" என்ற கேள்விக்கு விடை தெரியாவிட்டால் ஜெனீவா என்று எழுதிவிடுங்கள், பாதிக்குப் பாதி சரியாக இருக்கும் என்று சொல்லிக்கொடுத்து வந்தேன். பகுத்தறிவாளன் கண்டுபிடித்த அறிவியல் முறை அது. அந்த ஜெனீவாவுக்கே நான் போக நேர்ந்தது.

ஆசிரியர்களை வெளிநாடு அனுப்பும் ஓர் அறக்கட்டளை, சர்வதேச அமைப்புகளை நேரில் பார்த்துப் படித்துவர நாடெங்கிலுமிருந்து சில ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்தது. கட்டுரை கேட்டார்கள். கோபமான ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். என் ஆங்கிலத்தில் கோபம் மட்டும்தான் பிழையில்லாமல் இருக்கும். தேர்வாகிவிட்டேன். ஒரு வாரப் பயணம். பார்ப்பது, கேட்பது, குறிப்பெடுப்பது, திரும்பி வருவது. பேசுவது என்பது நிகழ்ச்சி நிரலில் எங்குமே இல்லை.

எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் சென்னப்பன். பசுமைக்குடிலில் ரோஜா வளர்ப்பவர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னிடம் தமிழ். செய்தி கேட்ட மறுநாளே பாகலூர் பேருந்து நிறுத்தத்தில் பேனர் கட்டிவிட்டார். 'ஐ.நா. சபையில் உரையாற்றச் செல்லும் எங்கள் ஆசிரியர்' என்று பெரிய எழுத்து. படம் என் ஆதார் அட்டையிலிருந்து எடுத்தது. உலகத்தை மிரட்டுகிற முகம் அதற்கு.

உரையெல்லாம் கிடையாது, சும்மா கேட்டுவிட்டு வரத்தான் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன்.

"கேக்கப் போறாருன்னு பேனர் வெச்சா எவன் சார் நின்னு பாப்பான்?" என்றார்.

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. உண்மைக்காக உயிரையும் கொடுப்பேன் என்று மேடையில் பேசுகிறவன், தினமும் அந்தப் பொய்யின் அடியில் நின்று பேருந்து ஏறினேன். யாரும் கவனிக்காதபோது செல்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொண்டேன்.

கம்பெனி பஸ்ஸின் சன்னல் வழியாக அந்தப் பேனரைப் பார்த்தவர்களில் ஒருவர் வீரலட்சுமி. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கணவர் சுடலைமுத்துவோடு பிழைக்க வந்தவர். மகள் சத்யப்ரியா என் வகுப்பில் படிக்கிறாள். வீரலட்சுமி வேலை பார்ப்பது கார்களுக்கு உள்ளே ஓடும் வயர்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டிக்கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில். பெயர் வேண்டாம். காண்டிராக்ட் வேலை. ஷிப்ட் முழுவதும் நின்றுகொண்டே கட்ட வேண்டும்.

அங்கே ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு லைனுக்கும் உள்ளங்கை அகலத்தில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை. நடுவில் லைனின் எண். டோக்கன் என்பார்கள். சூப்பர்வைசர் மேசைக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கும். கழிப்பறைக்குப் போக வேண்டியவர் அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். அவர் திரும்பி வந்து ஆணியில் மாட்டிய பிறகுதான் அடுத்தவர் போகலாம். போன நேரத்தையும் வந்த நேரத்தையும் சூப்பர்வைசர் குறித்துக்கொள்வார். முப்பது பெண்களுக்கு ஒரு டோக்கன். அதனால் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை.

காரில் உட்காருகிறவருக்குக் குளிர்ந்த காற்று தடையில்லாமல் வர வேண்டும். அதற்கான வயரைக் கட்டுகிற பெண் நாக்கு வறண்டு நிற்க வேண்டும். ஒரு மனுஷியின் சிறுநீர்ப்பைக்கு அட்டவணை போட ஒரு நிர்வாகத்துக்கு உரிமை உண்டு என்று கருதுகிற மூளை ஏ.சி. அறையில் விளைகிறதா, நம் பள்ளிக்கூடங்களில் விளைகிறதா என்று நான் பலமுறை ஆவேசமாகக் கேட்டதுண்டு. பள்ளிக்கூடம் என்று சொல்லும்போது என் பள்ளியை நான் நினைத்துக்கொண்டதில்லை.

வீரலட்சுமிக்கு இரண்டு தடவை சிறுநீர்ப்பாதைத் தொற்று வந்துவிட்டது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதை நம்பி, லைனுக்கு இன்னொரு டோக்கன் தரும்படி நிர்வாகத்திடம் போய்க் கேட்டார். மாதக் கடைசியில் காண்டிராக்ட் புதுப்பிக்கும்போது உன் பெயரைப் பற்றி யோசிக்கிறோம் என்று பதில் வந்தது. அதன் பொருள் அங்கே வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும்.

அவர் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"சார், ஒலகத் தொழிலாளிகளுக்குன்னு அங்ஙன ஒரு ஆபீஸ் இருக்காம்லா. நீங்க நடத்துனீங்கன்னு எம் மக சொன்னா. அங்க போயி இதச் சொல்லுங்க. எனக்கு வேல போயிரக் கூடாது. தண்ணி குடிச்சுட்டு வேல பாக்கணும். அம்புட்டுதான் சார்."

அந்த இடத்தில் ஓர் ஒழுங்கான மனிதன், "அம்மா, பேனர் பொய். அங்கே என்னைப் பேச விட மாட்டார்கள்" என்று சொல்லியிருப்பான். நான் எழுந்து நின்றேன். குரல் தானாகவே மேடைக்குப் போய்விட்டது. சுரண்டல் என்றேன், மனித மாண்பு என்றேன், சர்வதேச உடன்படிக்கை என்றேன். கடைசியில் பழக்க தோஷத்தில் அந்த முழக்கத்தையும் போட்டேன். "ஆதாரம் வேணும்மா. வாயால சொன்னா அங்க நம்ப மாட்டாங்க."

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்தவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். உள்ளே தயிர்சாத வாசனையோடு மஞ்சள் வில்லை. எண் நான்கு.

"ஆதாரம் கேட்டீங்கல்லா" என்றார்.

தொழிற்சாலைச் சொத்து அது. வெளியே கொண்டுவந்தது தெரிந்தால் காண்டிராக்ட் புதுப்பிப்பதைப் பற்றி யாரும் யோசிக்கக்கூட வேண்டியதில்லை. அன்றைக்கே வெளியே தள்ளலாம். இது எனக்கு உறைத்தது. உறைத்தும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். உலகத்தின் மேசைமேல் இதை வைக்கிறேன் என்று சொன்னேன். என் வாக்கியங்களில் இப்படி எப்போதும் ஒரு மேசை வரும்.

அவர் போன பிறகு என் மனைவி ருக்மணி அடுப்படியிலிருந்தே கேட்டாள், அங்கே என்னைப் பேச விடுவார்களா என்று. சந்தர்ப்பம் வரும் என்றேன். வராவிட்டால் என்றாள். பெட்டிச் சாவியைத் தேடுவதுபோல் வேறு அறைக்குப் போய்விட்டேன்.

பெங்களூரு விமான நிலையத்துக்குச் சென்னப்பன் தன் காரிலேயே கூட்டிப்போனார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். நான் குனிந்து அதை எடுத்துத் தூர எறிந்து, மூடநம்பிக்கை குறித்து ஒரு சிற்றுரை ஆற்றினேன். அத்திப்பள்ளி தாண்டியதும் டயர் பஞ்சர். நெடுஞ்சாலையோரம் ஜாக்கி போட்டுத் தூக்கும்வரை சென்னப்பன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆணி குத்துவதற்கும் எலுமிச்சைக்கும் தொடர்பில்லை என்பதை நான் மட்டும் இயற்பியல் ரீதியாக விளக்கிக்கொண்டிருந்தேன். டயரிலிருந்து பிடுங்கிய ஆணியை அவர் என் கையில் கொடுத்து, "ஆதாரம் சார்" என்றார்.

ஜெனீவாவில் குளிர் எலும்பைத் தொட்டது. ஏரி, சுத்தமான டிராம், நேரத்துக்கு வருகிற பேருந்து எல்லாம் மற்றவர்களும் எழுதியிருப்பார்கள். ஐ.நா. வளாகத்துக்கு எதிரே ஒரு கால் உடைந்த பிரம்மாண்ட நாற்காலி நிற்கிறது. அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டேன். உள்ளே ஒரு பெரிய மன்றத்தில் காதில் மாட்டும் கருவி கொடுத்தார்கள். ஆறு மொழிகளில் கேட்கலாம் என்றார்கள். தமிழ் வருகிறதா என்று மொழி மாற்றும் குமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பக்கத்திலிருந்த ஒடிசா ஆசிரியர் தன் மொழியைத் தேடிக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காததுபோல் வைத்துக்கொண்டோம். காலியான மேடைக்கு முன்னால் நிற்கிற என் படத்தை ருக்மணிக்கு அனுப்பினேன். அது எப்படியோ சென்னப்பனுக்குப் போய், 'ஐ.நா.வில் முழங்கினார்' என்று பள்ளிக் குழுவில் வந்துவிட்டது.

ஒவ்வொரு கட்டடத்திலும் சந்தர்ப்பத்துக்காகக் காத்திருந்தேன். அகதிகள், தொலைத்தொடர்பு, வானிலை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அமைப்பு இருந்தது. எல்லோரும் இனிமையாகப் பேசினார்கள். காபி கொடுத்தார்கள். கேள்விக்கு நேரமில்லை என்று வருத்தப்பட்டார்கள். சட்டைப் பையில் வில்லை நெஞ்சைக் குத்திக்கொண்டே இருந்தது.

கடைசியில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கட்டடத்துக்குக் கூட்டிப்போனார்கள். மார்த்தா என்ற அலுவலர் படங்கள் போட்டு விளக்கினார். நரைத்த குட்டை முடி, பொறுமையான குரல். குளிருக்குப் பயந்து நான் காலையிலிருந்து நான்கு கோப்பை காபி குடித்திருந்தேன். அவர் பாதி வழி வருவதற்குள் என் அடிவயிறு கனத்துவிட்டது. கால்மேல் கால் போட்டேன். மாற்றிப் போட்டேன். தாங்கவில்லை.

இப்போது எங்கள் பள்ளிப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் வகுப்பில் சிறுநீர் கழிக்கப் போக வேண்டியவன் வாய் திறக்கக் கூடாது. சுண்டுவிரலை உயர்த்த வேண்டும். நான் பார்த்துத் தலையசைத்தால் போகலாம். நான் பாடத்தின் சூட்டில் இருந்தால் பார்க்க நேரமாகும். விரல் உயர்ந்தபடியே இருக்கும். நானும் அப்படித்தான் படித்தேன். கிருஷ்ணகிரியில் நடக்கும் ஆசிரியர் பயிற்சிகளில் மேலதிகாரி உட்கார்ந்திருந்தால், பேரன் எடுத்த ஆசிரியர்களும் சுண்டுவிரலைத்தான் உயர்த்துகிறோம்.

ஜெனீவாவில், நாற்பது பேர் அமர்ந்திருந்த அறையில், ஐம்பத்திரண்டு வயதில், நான் சுண்டுவிரலை உயர்த்தினேன்.

மார்த்தா பேச்சை நிறுத்தினார். முகம் மலர்ந்தது. இந்தியாவிலிருந்து வந்த நண்பருக்கு ஒரு கேள்வி இருக்கிறது, மிக நல்லது என்றார். யாரோ ஒலிவாங்கியை என் கையில் கொண்டுவந்து திணித்தார்கள். எல்லாத் தலைகளும் திரும்பின. எங்கள் குழுவின் இந்திய ஆசிரியர்களுக்கு மட்டும் விரலின் பொருள் புரிந்துவிட்டது. ஒடிசாக்காரர் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

வாரம் முழுக்கக் காத்திருந்த சந்தர்ப்பம் இப்படித்தான் வந்தது. கழிப்பறை எங்கே என்று ஒலிவாங்கியில் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. வில்லையை எடுத்து முன்னாலிருந்த மேசைமேல் வைத்தேன். மேசை உண்மையிலேயே இருந்தது. முழங்கால்களை இறுக்கிக்கொண்டு, முப்பது பெண்களையும் ஓர் ஆணியையும் பற்றிச் சொன்னேன். மேடையில் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு ஒரு மணி நேரம் பிடித்திருக்கும். அன்றைக்கு மிகச் சுருக்கமாகப் பேசினேன். என் வாழ்நாளின் ஒரே கச்சிதமான பேச்சு அது. நெற்றியில் வியர்வை வழிந்ததை அறச்சீற்றம் என்று நினைத்திருப்பார்கள்.

 மார்த்தா வில்லையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். தனி மனிதர் கொண்டுவரும் புகாரை இந்த அமைப்பு ஏற்பதற்கு வழியில்லை என்றார். இங்கே அரசுகள், முதலாளிகள், தொழிலாளர்கள் என்று மூன்று தரப்பு. தொழிலாளர் தரப்பு என்றால் சங்கம். சங்கத்தின் மூலம் வந்தால் அதற்கு வழிமுறை இருக்கிறது. பிறகு மெதுவாகக் கேட்டார், அந்தப் பெண்களுக்குச் சங்கம் இருக்கிறதா என்று.

இல்லை என்றேன்.

இந்த மூன்று தரப்பை நான் வகுப்பில் இரண்டு மதிப்பெண் வினாவாக எழுதிப்போட்டு, அடிக்கோடிடச் சொல்லி, ஒப்பிக்காதவனை எழுப்பி நிறுத்தியிருக்கிறேன். அது ஒரு கதவு என்றும், அதன் வழியாக ஒரு வீரலட்சுமி தனியாக நுழைய முடியாது என்றும் எனக்குத் தோன்றியதே இல்லை. தெரிந்திருந்தால் அந்த வில்லை ஆணியிலேயே இருந்திருக்கும்.

மார்த்தா வில்லையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். உங்களுக்கு வெளியே போக வேண்டுமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். தலையசைத்தேன். கதவு அங்கேதான் இருக்கிறது, இதற்கெல்லாம் கேட்க வேண்டியதில்லை என்றார். ஓடும்போதுதான் நினைவு வந்தது. காலையிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து அந்தக் கதவைத் திறந்து போய் வந்துகொண்டுதான் இருந்தார்கள். நான் ஒருத்தன்தான் யாரோ தலையசைக்கக் காத்திருந்தேன்.

விடுதிக்குத் திரும்பியதும் ருக்மணியின் அழைப்பு.

"என்னாங்க, அந்த மஞ்ச வட்டம் எங்க இருக்கு?"

"எங்கிட்டதான்."

"அங்க கம்பெனியில தேடறாங்க. அந்தம்மா வந்து சொல்லிட்டுப் போச்சு. லேடீஸ் பையெல்லாம் கொட்டிப் பாத்தாங்களாம். யார்கிட்ட இருந்துச்சோ அவங்கள அனுப்பிருவாங்களாம்."

வீரலட்சுமி பெயரைச் சொன்னார்களா என்று கேட்டேன்.

"இன்னொரு டோக்கன் வேணும்னு கேட்டதே அந்தம்மாதானே. வேற யார் மேல சந்தேகம் வரும்? உங்க ஆதாரத்த எடுத்துக்கிட்டுச் சீக்கிரம் வாங்க."

விமானத்தில் தூங்கவில்லை. நேராகத் தொழிற்சாலை வாசலுக்குப் போய், குற்றவாளி நானே என்று அறிவிப்பதாக முடிவெடுத்தேன். வில்லையை அதிகாரியின் மேசைமேல் வைப்பதாகவும், மேசைக்கு அந்தப் பக்கம் அவர் தலை குனிவதாகவும் காட்சி ஓடியது. அரபிக்கடலுக்கு மேலே பறக்கும்போது உரை தயார். நான்கு பகுதிகள் இருந்தன. இறுதிப் பகுதியில் எனக்கே கண் கலங்கியது.

பெட்டியோடு இறங்கி, பாகலூர் சாலையில் அந்தத் தொழிற்சாலை வாசலில் போய் நின்றேன். காவலாளி உள்ளே விடவில்லை. பார்வையாளர் பாஸ் வேண்டுமாம். ஐ.நா. வளாகத்துக்குள் போய் வந்தவன் நான் என்றேன். அவர் அதற்கும் பாஸ் வேண்டும் என்றார். வெயிலில் பெட்டிமேல் உட்கார்ந்தேன்.

ஷிப்ட் விட்டது. பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். என்னைப் பார்த்ததும் வீரலட்சுமி வேகமாக வந்து, பேச வாய் திறந்த என்னை ஒரு டீக்கடையின் பின்பக்கம் தள்ளாத குறையாகக் கூட்டிப்போனார். கூடவே பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். எல்லோர் கையிலும் தண்ணீர் பாட்டில் இருந்தது. அதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன்.

நடந்ததை ஆளுக்கொரு பக்கமாகச் சொன்னார்கள். முதலில் சில நாள் ஓர் அட்டையில் எண் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பைகளைக் கொட்டிப் பார்த்த அன்று, டோக்கன் கிடைக்கும்வரை யாரும் போகக் கூடாது என்று சூப்பர்வைசர் கமலக்கண்ணன் சொல்லியிருக்கிறார். மதியம் வரை பார்த்த ரஞ்சிதா என்ற பெண் கையிலிருந்த வயரைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். டோக்கன் எங்கே என்று கேட்டால், இருந்தால்தானே எடுத்துப் போக முடியும் என்றாளாம். அவள் பின்னால் இன்னொருத்தி. பிறகு லைனே போய் வந்தது. மறுநாள் விசாரணைக்குக் கூப்பிட்டு, எடுத்தது யார் என்று கேட்டிருக்கிறார்கள். நான்தான் எடுத்தேன் என்று ரஞ்சிதா சொன்னாள். அடுத்து உள்ளே போனவளும் நான்தான் என்றாள். ஒருத்தி கழிப்பறையில் விழுந்துவிட்டது என்றாள், ஒருத்தி நாய் கவ்விக்கொண்டு போனது என்றாள். சாயங்காலத்துக்குள் முப்பது பேரும் எடுத்துவிட்டார்கள். முப்பது பேரையும் வெளியே தள்ளினால் வயர் கட்ட ஆளில்லை. போலீசில் புகார் கொடுக்கலாம் என்று ஓர் அதிகாரி எழுத உட்கார்ந்தாராம். தொலைந்த பொருள் எதற்குப் பயன்படுவது என்று ஒரு வரி எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது.

நான் என் பங்குக்குச் சங்கம், மூன்று தரப்பு, ஜெனீவா என்று தொடங்கினேன்.

"அதெல்லாம் சனிக்கிழமையே பேசியாச்சு சார். ஓசூர்ல ஒரு சங்கத்துக்காரங்களப் பாத்துட்டு வந்தோம்" என்றார் வீரலட்சுமி.

சரி, தலைமை ஏற்க நான் தயார் என்றேன்.

"வேண்டாம் சார். நீங்க பேச ஆரம்பிச்சா அடுத்த ஷிப்டும் விட்டுரும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக. பையிலிருந்து வில்லையை எடுத்து நீட்டினேன். வீரலட்சுமி சட்டென்று பின்னால் நகர்ந்தார்.

"அத உள்ள வைங்க சார். அது திரும்பி வந்துச்சுன்னா மறுபடியும் ஆணியில தொங்கிரும். யார்ட்ட கெடச்சுதோ அவ கதை முடிஞ்சுது. மாசக் கடைசி தாண்டுற வரைக்கும் அது ஊருக்குள்ளயே இல்ல."

நான்கு பகுதி உரையை விழுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வில்லையை எங்கே ஒளிப்பது என்று இரண்டு நாள் அல்லாடினேன். புத்தக அலமாரி, அரிசி டிரம், ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் என்று இடம் மாற்றிக்கொண்டே இருந்தேன். ருக்மணி பொறுமையிழந்து, ஒளித்து வைத்தால்தான் தேடுவார்கள் என்று சொல்லி, கூடத்துக் கண்ணாடி ஷோகேசில் நான் கொண்டுவந்த சுவிஸ் சாக்லேட் டப்பாவுக்கும் பொம்மை மணிக்கும் நடுவில் அதைச் சாய்த்து வைத்துவிட்டாள். கெலமங்கலத்திலிருந்து வந்த என் மைத்துனர் அதையே வெகுநேரம் பார்த்தார். ஜெனீவாவிலிருந்து வந்ததா என்று கேட்டார். அங்கிருந்துதான் வந்தது என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கையில் வாங்கி விரலால் சுண்டிப் பார்த்து, "ஃபாரின் பிளாஸ்டிக்குன்னா தனிதான் மாமா" என்றார்.

மாதக் கடைசிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் பைக் சத்தம். கமலக்கண்ணன். அவருடைய மகள் சுவாதியும் என் வகுப்புத்தான். ஷிப்ட் காரணமாகப் பெற்றோர் கூட்டத்துக்கு வர முடியவில்லை, பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுக்கலாம் என்று கேட்க வந்தேன் என்றார். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தவருக்கு நேர் எதிரே ஷோகேஸ்.

அவருக்கும் ஷோகேசுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். கணக்குப் பிரிவின் நன்மைகளை நின்றபடியே விளக்கினேன். அவர் இடப்பக்கம் சாய்ந்தால் நான் இடப்பக்கம் நகர்ந்தேன். ருக்மணி டீ கொண்டுவந்து, வழி விடுங்கள் என்றாள். விட வேண்டியதாயிற்று.

கமலக்கண்ணன் டம்ளரை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். மஞ்சள். வட்டம். எண் நான்கு. அதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர்.  வீரலட்சுமியின் வேலை என் வீட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது. பகுத்தறிவின்படி வேண்டிக்கொள்ள யாருமில்லை. அப்படியே நின்றேன்.

அவர் டீயை முழுக்கக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"அங்க வாங்கினதுங்களா சார்?"

 தலையை ஆட்டினேன்.

"நல்லா இருக்குது. அங்கயே இருக்கட்டும்" என்றார். வாசல் வரை போய்விட்டு, திரும்பாமலே சொன்னார். "பொண்ணுங்க போறப்ப வர்றப்ப மணியப் பாத்துக் குறிக்கறது ஒரு பொழப்பாங்க சார். எனக்கும் ஒரு பொண்ணு இருக்குது."

அடுத்த வாரம் பத்தாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, மூன்று தரப்பு. சூடு ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் சத்யப்ரியா எழுந்து மேசைக்கு அருகே வந்தாள்.

"சார், அம்மா சொல்லச் சொன்னாங்க. காண்டிராக்ட்ல கையெழுத்து ஆயிருச்சு. லைன்ல எல்லாருக்கும்."

சொல்லிவிட்டு, விரல் எதையும் உயர்த்தாமல், வெளியே போயிட்டு வரேன் சார் என்று நடந்தாள். எங்கே, எதற்கு, ஆதாரம் எங்கே என்று கேட்க என் வாய் பழக்கத்தில் திறந்தது. அதற்குள் அவள் கதவைத் தாண்டிவிட்டாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். அவர்களுக்கு உண்மையிலேயே அவசரமா, என் பாடத்திலிருந்து தப்பிக்கிறார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. விசாரிக்கவில்லை.